வில்வண்டி முதல் 'ஷாக்' சைக்கிள் வரை: சாலையின் அடியைத் தாங்குவது யார்?

ஆந்திரம், தமிழகம், கருநாடகம் மூன்றின் எல்லைகளும் நெருங்கி வரும் உயர்நிலத்தில், குப்பத்திற்கு அருகே சாந்திபுரம் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தின் இந்த மூலையில் ஒரே கடை வாசலில் மூன்று மொழிகளைக் கேட்கலாம். மிதிவண்டியின் முன்பக்க அதிர்வுதாங்கி பழுதாகிவிட்டால் தமிழர் 'ஷாக் போச்சு' என்பர். தெலுங்கர் 'ஷாக் போயிந்தி' என்பர். கன்னடர் 'ஷாக் ஹோய்த்து' என்பர். மூன்றும் ஒரே வினைச்சொல்லின் பிள்ளைகள். தமிழின் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆனதுபோல, 'போ' அங்கே 'ஹோகு' ஆயிற்று. திராவிட மொழி பேசுவோரின் வாயில் பொருள்கள் உடைவதைக் காட்டிலும் 'போவது' அதிகம். விளக்கு போகும், மோட்டார் போகும், ஷாக்கும் போகும்.

போனதைத் திரும்ப அழைத்துவர முடியுமா, இல்லை புதிதாக ஒன்று வாங்கித்தான் மாட்ட வேண்டுமா என்பது சைக்கிள் கடையில் அன்றாடம் எழும் கேள்வி. பார்வைக்குச் சிறிய கேள்விதான். ஆனால் அதன் பின்னே நூற்றைம்பது ஆண்டு வரலாறு நிற்கிறது. சாலையின் மேடுபள்ளம் தரும் அடியை இரும்பு தாங்குமா, காற்று தாங்குமா, மனிதரின் மணிக்கட்டு தாங்குமா என்பதே அந்த வரலாறு. யாருக்கு எது வாய்த்தது என்பதும் அதில் அடக்கம்.

வில் என்னும் சொல்

'சஸ்பென்ஷன்' என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அரசு ஊழியரின் தற்காலிகப் பணிநீக்கம். இரண்டும் ஒரே சொல்தான். தொங்கவிடுதல் என்பது அதன் மூலப்பொருள். ஐரோப்பாவின் பழைய குதிரைவண்டிகளில் பயணிகள் அமரும் பெட்டியைத் தோல்வார்களால் கட்டித் தொங்கவிட்டனர். சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் பெட்டி ஊஞ்சல்போல் ஆடி அடியை வாங்கிக்கொண்டது. பின்னர் எஃகுப் பட்டைகள் வந்தன, தோல்வார்கள் மறைந்தன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தமிழர் அதே அமைப்பை வேறு விதமாகக் கண்டனர். வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி அச்சின்மேல் பொருத்திய மாட்டுவண்டிக்கு 'வில்வண்டி' என்று பெயரிட்டனர். ஐரோப்பியர் தொங்கலைப் பார்த்த இடத்தில் நம்மவர் வளைவைப் பார்த்திருக்கிறார்கள். 'வில்' தமிழுக்கு மட்டும் உரிய சொல்லன்று. மலையாளத்திலும் தெலுங்கிலும் 'வில்லு', கன்னடத்தில் 'பில்லு'. வேட்டைக் கருவியின் பெயர் வண்டியின் உறுப்புக்கு வந்தது. பள்ளி இயற்பியல் நூலில் 'சுருள்வில்' என்று படித்தோமே, அதுவும் இந்த வழியில் வந்ததே.

வில்வண்டி எல்லோருக்கும் வாய்த்த வண்டி அன்று. பாரம் ஏற்றும் கட்டைவண்டிக்கு வில் கிடையாது. நெல்மூட்டைக்கு முதுகு வலிக்காது என்பது ஒரு காரணம். அம்மூட்டையின்மேல் அமர்ந்து செல்லும் மனிதரின் முதுகைப் பற்றி எவரும் கேட்கவில்லை என்பது இன்னொரு காரணம். நிலக்கிழார், மிராசுதார், வசதி படைத்த குடும்பத்துப் பெண்கள் ஆகியோரின் ஊர்தியாகவே வில்வண்டி இருந்தது. 1893-இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, தம் மக்கள் நடக்கவும் தடை இருந்த பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். கேரள வரலாற்றில் அப்பயணம் 'வில்லுவண்டி யாத்திரை' என்றே அறியப்படுகிறது. வெறும் மாட்டுவண்டியும் அந்தச் சாலைத் தடையை மீறியிருக்கும். வில் வைத்த வண்டியோ சாலையோடு சேர்த்து, உடலுக்கு வலியில்லாத பயணத்திற்கும் உரிமை கோரியது என்றே அதை நான் வாசிக்கிறேன்.

காற்று வந்தது, வில் போனது

மிதிவண்டியின் கதையும் வலியிலிருந்துதான் தொடங்குகிறது. 1860-களின் மிதிவண்டிகள் இரும்புப் பட்டை போர்த்திய மரச்சக்கரத்தில் ஓடின. கல் பாவிய தெருவில் அவற்றை ஓட்டியவர்கள் அவற்றுக்கு 'எலும்பாட்டி' என்று பொருள்படும் ஆங்கிலப் பட்டப்பெயர் சூட்டினர். 1880-களில் சட்டத்திலேயே வில் பொருத்திய வண்டிகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. 1885-இல் வந்த 'விப்பெட்' அவற்றுள் பெயர் பெற்றது.

அந்த முயற்சிகளை ஓரங்கட்டியது காற்றடைத்த ரப்பர் டயர். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்றார். ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இலேயே அதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தது பின்னர் தெரியவந்தது. ஆயினும் மிதிவண்டி உலகில் டன்லப்பின் பெயரே நிலைத்தது. காற்று வந்தபின் முன்பக்கத்தில் வில் எதற்கு என்ற எண்ணம் பரவியது. அடுத்த நூறாண்டில் பெரும்பாலான மிதிவண்டிகளின் முன்பக்கம் விறைப்பான இரும்புக் கவையாகவே இருந்தது.

'கவை' என்ற சொல்லை வேண்டுமென்றே இங்கே ஆள்கிறேன். கிளை இரண்டாகப் பிரியும் இடம் கவை. அதன் உறவுச்சொல்லே 'கவட்டை'. கன்னடத்தில் 'கவலு' என்றால் பிரிவு. தெலுங்கில் 'கவ' என்றால் இணை. மிதிவண்டியின் முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்து நிற்கும் உறுப்புக்கு இதனினும் பொருத்தமான பெயர் மூன்று மொழியிலும் கிடைக்காது. கடையில் அதற்கு 'போர்க்கு' என்றுதான் பெயர். அதனைக் குறையாகச் சொல்லவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் வண்டியோடு இறங்கிய சொற்கள் அவை. கப்பு, கோன், பால்ஸ், ரிம், ஃப்ரீவீல் என ஒவ்வொன்றும் நம் ஒலிக்கு வளைந்து நம்முடையதாகிவிட்டன. 'ஓவர்ஹால்' என்ற சொல் நம் கடைகளில் 'ஓவராயில்' ஆனது இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. வண்டியைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டுப் பூட்டும் வேலைக்கு 'ஆயில்' சேர்ந்த பெயர்தானே பொருந்தும்!

சீட்டின் அடியில் ஒரு வில்

முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் ஆலை சென்னையை அடுத்த அம்பத்தூரில் எழுந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்கள் தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்தின் தென்மாவட்டங்களுக்கும் வீட்டுப் பெயர்களாயின. வடக்கே சோனிபட்டில் 1951-இல் அட்லஸும், லூதியானாவில் 1956-இல் ஹீரோவும் வந்தன.

இந்நிறுவனங்கள் பேரளவில் செய்த கறுப்பு வண்டியில் வில் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. தோல் சீட்டின் அடியில் இரண்டு சுருள்வில்கள் இருந்தன. முன்கவை சற்றே முன்னோக்கி வளைந்திருந்ததால் எஃகு தன் இயல்பான நெகிழ்வால் கொஞ்சம் அடி வாங்கியது. பெரிய சக்கரமும் பருத்த டயரும் மீதியைப் பார்த்துக்கொண்டன. எஞ்சியது மணிக்கட்டுக்கும் தோளுக்கும் போய்ச் சேர்ந்தது. பால்கேனும் தண்ணீர்க் குடமும் சுமக்கும் வண்டிகளில் முன்கவைக்குத் துணையாக இரு கம்பிகளைக் கூடுதலாகப் பூட்டினர். அக்கம்பிகள் கவையை வளையாமல் காத்தன, ஓட்டுபவரின் கையைக் காக்கவில்லை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் பெண்கள் மிதிவண்டி கற்றது உலகறிந்த செய்தி. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். பெண்கள் வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே அவர்கள் ஓட்டினர். நடுக்கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் இருந்தனர். சீட்டின் அடியில் வில் தாய்க்கு உண்டு. கம்பிமேல் அமர்ந்த பிள்ளைக்கு எதுவும் இல்லை. ஆயினும் அந்த விறைப்பான வண்டிதான் அப்பெண்களைக் கிணற்றடிக்கும் கல்குவாரிக்கும் சந்தைக்கும் கூட்டிச் சென்றது.

மலையிலிருந்து இறங்கிய வில்

அதே காலத்தில் அமெரிக்காவில் வில் மீண்டும் மிதிவண்டியின் முன்பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் 1976 முதல் சில இளைஞர்கள் பழைய பருத்த டயர் வண்டிகளில் மலைச்சரிவில் இறங்கும் போட்டி நடத்தினர். அப்பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. மலை மிதிவண்டியின் வரலாறு ஒரு பழுதுபார்க்கும் வேலையின் பெயரோடு தொடங்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிச்சி ஆகியோர் அந்த விளையாட்டை ஒரு தொழிலாக வளர்த்தனர். 1981-இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' பேரளவில் விற்பனைக்கு வந்தது.

மோட்டார் சைக்கிள் பந்தயத் துறையிலிருந்து வந்த பால் டர்னரும், ஸ்டீவ் சைமன்ஸும் 1989-இல் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களின் ஆர்.எஸ்.-1 கவையில் அழுத்திய காற்று வில்லாக நின்றது, எண்ணெய் அதன் துள்ளலை அடக்கியது. ஏறத்தாழ 5 செ.மீ. மட்டுமே அது அமுங்கும். 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில், சரிவிறங்கும் பிரிவில் கிரெக் ஹெர்போல்ட் அத்தகைய கவையுடன் வென்றார். அதன்பின் விறைப்புக் கவை மலைப்பாதையில் பழைய பொருளாகிவிட்டது.

கருத்து புதிதன்று. மோட்டார் சைக்கிளில் எண்ணெய் அடக்கத்தோடு கூடிய குழல் கவை 1930-களிலேயே வந்துவிட்டது. 1955 முதல் சென்னையில் உருவான புல்லட் வண்டியிலும் அது இருந்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் மூன்று தலைமுறையாக அதன் ஆயில் சீலை மாற்றிவருகிறார்கள். இந்தச் செய்தி பின்னர் தேவைப்படும்.

நம் தெருவின் 'ஷாக்'

இந்தியச் சந்தையில் 1990-களில் பருத்த டயர், நேரான கைப்பிடி கொண்ட வண்டிகள் பரவலாயின. சில ஆண்டுகளில் முன்பக்கம் 'ஷாக்' வைத்த வண்டி சிறுவர்களின் கனவாயிற்று. கறுப்பு வண்டி அப்பாவுடையது, ஷாக் வண்டி பிள்ளையுடையது. வில்வண்டிக்கு இருந்த அந்தஸ்தில் ஒரு துளி அதற்கும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் குறைந்த விலை வண்டியின் ஷாக்கும் ஆர்.எஸ்.-1-இன் வழிவந்த கவையும் தோற்றத்தில்தான் உறவினர். விலை குறைந்த கவையில் பொதுவாக ஓர் எஃகுச் சுருள்வில், பிளாஸ்டிக் புஷ்கள், கொஞ்சம் கிரீஸ், இவ்வளவே இருக்கும். துள்ளலை அடக்கும் எண்ணெய் அமைப்பு இராது. மழையும் புழுதியும் ரப்பர் உறையின் கீழே இறங்கினால் உட்குழல் துருப்பிடிக்கும், புஷ் தேயும். பிறகு கவை அமுங்காது, அமுங்கினால் எழாது, பிரேக் பிடித்தால் முன்னும் பின்னும் ஆடும். தாங்குவதற்கு வந்த உறுப்பே ஆட்டத்தின் காரணமாகிவிடுகிறது.

இந்நிலையில் என்ன செய்யலாம்? முதலில், ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முன்பிரேக்கை இறுகப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்து, கைப்பிடியின் கீழே கப்பு இருக்கும் இடத்தில் விரலை வைக்க வேண்டும். ஆட்டம் அங்கே தெரிந்தால் குற்றம் ஷாக்கில் இல்லை. கப்பையும் பால்ஸையும் சரிசெய்தாலே போதும். உட்குழல் வெளிக்குழலுக்குள் நுழையும் இடத்தில் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

கழற்றக்கூடிய கவையானால் பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, ரப்பருக்குக் கேடு செய்யாத புதுக் கிரீஸ் இட்டுப் பூட்டினாலே பல கவைகள் மீண்டும் உயிர் பெறும். உட்குழலில் மேலாகப் படிந்த துருவைத் துடைத்து எடுக்கலாம். குழி விழுந்த துருவை எடுக்க முடியாது, அது புதுச் சீலையும் கிழித்துவிடும். எண்ணெயும் காற்றும் கொண்ட நல்ல கவையில் ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அடிக்குழலைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மிதித்துப் பள்ளிக்குப் போகும் ஒரு மாணவியின் கணக்கில் அது 50 பள்ளி நாள். அவள் வண்டியிலுள்ள கவைக்கு அப்படியொரு கணக்கு இருப்பதாகக்கூட அவளுக்கு எவரும் சொல்வதில்லை.

வளைந்த, விரிசல் விட்ட குழலைப் பழுதுபார்க்க நினைக்கலாகாது. விறைப்பான எஃகுக் கவையின் சிறு கோட்டத்தை நிமிர்த்திப் பழகிய கைகள், குழல் கவையையும் அவ்வாறே நிமிர்த்தினால் அது ஓட்டத்தின்போது முறியக்கூடும். அங்கே மாற்றுவது ஒன்றே வழி. மாற்றும்போது மூன்று அளவுகள் பொருந்த வேண்டும். முதலாவது, சட்டத்தின் தலைக்குழலுக்குள் நுழையும் தண்டின் விட்டம், நீளம், மரையுள்ளதா இல்லையா என்பது. இரண்டாவது, பிரேக் மாட்டும் இடம். மூன்றாவது பலரும் மறப்பது: அச்சிலிருந்து கவையின் தலை வரையுள்ள உயரம். இவ்வுயரம் 2 செ.மீ. கூடினால் முன்பக்கம் ஏறத்தாழ ஒரு பாகை சாய்ந்து, வளைவில் திரும்ப மந்தமாகும். குட்டையான கவையை மாட்டினால் முன்பக்கம் தாழ்ந்து கைப்பிடி படபடக்கும், பெடல் தரையை நெருங்கும். ஷாக்குக்குப் பதிலாக விறைப்புக் கவையையே மாட்டுவதும் நல்ல தீர்வுதான், உயரம் ஒத்துப்போக வேண்டும். தெருவிலும் தார்ச்சாலையிலும் மட்டும் ஓடும் வண்டிக்குத் தேய்ந்த ஷாக்கைவிட அது பாதுகாப்பானது, எடையும் குறைவு.

இரண்டு பட்டறைகளுக்கு நடுவே

இவ்வளவும் கடினமான அறிவு அன்று. ஆயினும் சிற்றூர்களில் 'இதை ரிப்பேர் பண்ண முடியாது, மாத்திடுங்க' என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. கடைக்காரரின் திறமைக் குறைவு இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

நம் ஊர்களில் பழுதுபார்க்கும் மரபு இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது. சைக்கிள் கடை ஒன்று, டூவீலர் பட்டறை மற்றொன்று. சொற்களைப் பார்த்தாலே பிரிவு தெரியும். கப்பு, கோன், பால்ஸ், பஞ்சர், கோட்டம், ஓவராயில் என்பவை சைக்கிள் கடையின் சொற்கள். ஆயில் சீல், ஃபோர்க் ஆயில், புஷ், ஷாக் என்பவை பட்டறையின் சொற்கள். கறுப்பு வண்டியில் எண்ணெய் அடைத்த குழல் இல்லாததால் சைக்கிள் கடைக்காரருக்கு அந்தச் சொற்களும் தேவைப்படவில்லை, அந்தக் கைப்பழக்கமும் தேவைப்படவில்லை. பட்டறைக்காரருக்கு அறிவு உண்டு, ஆனால் சைக்கிள் அவரிடம் போவதில்லை. ஷாக் வைத்த மிதிவண்டி இந்த இரண்டு மரபுகளுக்கும் நடுவே வந்து விழுந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஊரில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கடைகளின் தொழில்மொழிகள் மட்டும் கலக்கவில்லை.

மற்றொரு காரணம் உதிரிப்பாகம். பத்து ரூபாய்ப் பொருளான ஒரு சீலோ புஷ்ஷோ தனியாகக் கிடைக்காவிட்டால், எந்தக் கைத்திறனாலும் பயனில்லை. நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசி முதலான மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் என நான்கு துறைகளை அது முன்வைத்தது. மிதிவண்டிக்கு அதில் தனி இடம் இல்லை. எளிய வண்டி, அதைப் பழுதுபார்க்க உரிமை எதற்கு என்று எண்ணியிருக்கலாம். கறுப்பு வண்டி இருந்தவரை அது உண்மையும்கூட. எந்த ஊர்ச் சந்தையிலும் அதன் எல்லா உறுப்பும் தனித்தனியே கிடைத்தன, எந்தக் கம்பெனி வண்டிக்கும் பொருந்தின. வண்டியை வாங்கியவர் அதை முழுதாகவே தம்முடையதாக வைத்திருந்தார்.

ஷாக் வண்டியில் அந்த உடைமை குறைந்துவிட்டது. வாங்கிய ஓரிரு ஆண்டில் முன்பக்கம் ஆடத் தொடங்கும்போது, கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பம் புதுக் கவைக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வண்டி விலையில் கணிசமான பங்கு. கொடுக்க முடியாதவர் ஆடும் வண்டியையே ஓட்டுகிறார். சாலையின் அடி மீண்டும் மணிக்கட்டுக்கே வந்து சேர்கிறது, இம்முறை பிரேக்கும் நம்பத்தக்கதாக இல்லை.

1893-இல் வில் வைத்த வண்டியில் ஏறுவதே போராட்டமாக இருந்தது. இன்று கடையில் எவரும் வாங்கலாம். வாங்கிய வில்லைத் தன் ஊரிலேயே, தனக்குத் தெரிந்தவரிடம், கட்டுப்படியாகும் செலவில் சரிசெய்துகொள்ள முடிந்தால்தான் அது உண்மையில் அவருடையது. அதற்குப் பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கவையின் உதிரிப்பாகங்களைத் தனியே விற்கும் கடமையை உற்பத்தியாளர்கள் ஏற்கட்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் இரண்டு நாள் பயிற்சியாகவேனும் இதைச் சொல்லித்தரட்டும். அதற்கு முன்பே, சைக்கிள் கடைக்காரர் பக்கத்துப் பட்டறைக்குப் போய் ஆயில் சீல் மாற்றுவதை ஒருமுறை பார்த்துவரலாம்.

ஒரு வேண்டுகோள். மிதிவண்டி உறுப்புகளுக்கும் அவற்றின் பழுதுகளுக்கும் எல்லைப் பகுதிகளில் வழங்கும் சொற்களைத் தொகுத்துவருகிறேன். குப்பம், பலமநேர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, கோலார் பக்கத்து நண்பர்கள் உங்கள் ஊர்க் கடைகளில் கேட்கும் சொற்களை, எந்த மொழியாயினும், ஒலிக்கும் வண்ணமே எழுதியனுப்புங்கள். 'போர்க்கு' என்றும் 'ஓவராயில்' என்றும் சொல்லிப் பழகிய தலைமுறை கடையை மூடுவதற்குள் அவற்றை எழுதி வைத்துவிட வேண்டும்.